கனைப்பு நிற்காத தொண்டை: ஒரு துணைப்பாட ஆசிரியரின் நிகழ்வு ஆய்வு

மருத்துவமனையில் குரல் பிரச்சினைகளைப் பார்க்கும் பேச்சு சிகிச்சையாளர் நான். இந்த நிகழ்வை எழுதுவதற்கு அந்த ஆசிரியரின் சம்மதம் உண்டு. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியோ விட்டோ எழுதியிருக்கிறேன். மருந்து தொடர்பான முடிவுகள் எல்லாம் காது, மூக்கு, தொண்டை மருத்துவரும் வயிறு, குடல் சிறப்பு மருத்துவரும் எடுத்தவை. குரல், பழக்கவழக்கம், சாப்பாட்டு நேரம் ஆகியவை என் பொறுப்பில் இருந்தன.

சிங்கப்பூரில் நம் ஆட்கள் பலர் தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லி மாதக்கணக்கில் கேஸ்ட்ரிக் மாத்திரை போடுகிறார்கள். மாத்திரை வேலை செய்கிறதா, எப்போது நிறுத்துவது என்று திரும்பக் கேட்க ஆள் இருப்பதில்லை. இந்த நிகழ்வில் அந்தக் கேள்விகளைக் கேட்ட பிறகுதான் வழி பிறந்தது.

பின்னணி

ஐம்பதை நெருங்கும் பெண். வடக்கு வட்டாரத்தில் வீவக அடுக்குமாடி வீடு. கணவர், பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன், மாமியார் ஆகியோருடன் வசிக்கிறார். தமிழ்த் துணைப்பாட வகுப்பு எடுப்பதுதான் அவருடைய தொழில். பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கும் வகுப்புகள் இரவு ஒன்பதரை வரை போகும். பாதி நிலையத்தில், மீதி பிள்ளைகளின் வீடுகளில். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு எம்ஆர்டியிலும் பேருந்திலுமாக ஓட்டம்.

அக்டோபரில் அவருக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, தொண்டைக் கரகரப்பு மட்டும் போகவில்லை. வீட்டுக்குப் பக்கத்து மருந்தகத்தில் முதலில் ஒவ்வாமை மாத்திரை, அப்புறம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். டிசம்பரில் இன்னொரு மருத்துவர் "இது கேஸ்ட்ரிக்" என்று, அமிலம் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை 20 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். தொண்டைக்குள் யாரும் கருவி விட்டுப் பார்க்கவில்லை. மாத்திரை தீரத் தீர வாங்கிப் போட்டுக்கொண்டார். ஜனவரியில் பள்ளி திறந்து வகுப்புகள் சூடுபிடித்ததும் மாலை ஏழு மணிக்கே குரல் உடையத் தொடங்கியது. அரசு பலதுறை மருந்தகத்துக்குப் போய், அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் மருத்துவமனைக்கு வந்தபோது பிப்ரவரி கடைசி. பலதுறை மருந்தகத்தின் கடிதத்தோடு வந்தால் சிறப்பு மருத்துவருக்கும் உதவித்தொகைக் கட்டணம்தான். அதற்காகக் காத்திருந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மருத்துவர் கண்டவை

மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பை விட்டு முதலில் குரல்வளையைப் பார்த்தார்கள். கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் குரல்நாண்களைக் கண்ணால் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. எதுக்களிப்பு, அதாவது வயிற்றில் உள்ளது மேலேறி வருவது, என்று பெயர் வைத்துவிட்டு மாத்திரையில் நாளை ஓட்டினால், அதற்கிடையில் ஒரு கட்டி வளர்வது தெரியாமல் போகலாம். புகை, மது, வெற்றிலை பாக்கு பற்றிக் கேட்டார்கள். எதுவும் இல்லை. விழுங்கும்போது அடைப்பு, ஒரு பக்கக் காதுவலி, கழுத்தில் வீக்கம், சளியில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு எதுவும் இல்லை.

குரல்நாண்கள் இரண்டும் நன்றாக அசைந்தன. கட்டியோ முடிச்சோ இல்லை. குரல்வளையின் பின்பக்கம் கொஞ்சம் தடித்து, சிவந்திருந்தது. கெட்டியான சளி நூல்போல் படிந்திருந்தது. பேசச் சொன்னபோது குரல்நாண்களுக்கு மேலிருக்கும் தசைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து அழுத்தின. குரல் சோர்ந்தவர்கள் குரலை இழுத்து வெளியே கொண்டுவர இப்படித்தான் பிழிவார்கள்.

பின்பக்கத் தடிப்பும் சிவப்பும் எந்தக் குறையும் இல்லாத பலரிடமும் காணப்படும் என்பதை மருத்துவர் அழுத்திச் சொன்னார். அதை மட்டும் வைத்து "அமிலம்தான்" என்று முத்திரை குத்த அவர் தயாராக இல்லை. "எதுக்களிப்பு இருக்கலாம், குரல் உழைப்பும் சேர்ந்திருக்கிறது" என்று எழுதி என்னிடம் அனுப்பினார்.

குரல் பிரிவில் கவனித்தவை

மார்ச் மாதம் முதல் சந்திப்பு. பேசத் தொடங்குவதற்கு முன்பே மூன்று முறை கனைத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் "ம்ஹ்க்கும்" என்று ஒரு கனைப்பு. அதைப் பற்றிக் கேட்டபோது, "அப்படியா செய்றேன்? எனக்கே தெரியலையேம்மா" என்றார். மேசைமேல் ஒரு பிளாஸ்க் வைத்திருந்தார். அதில் எலுமிச்சை பிழிந்த தேன் வெந்நீர். சளியை அறுக்கும் என்று யாரோ சொன்னதால் நாள் முழுக்க அதைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தார். கைப்பையில் புதினா மிட்டாய்ப் பொட்டலம்.

எதுக்களிப்பு அறிகுறிகளுக்கான ஒன்பது கேள்விக் கணக்கு ஒன்று உண்டு. 2002இல் வெளியானது. ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண், மொத்தம் 45. பதின்மூன்றைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இவருக்கு 26. அதில் கனைப்பு, தொண்டையில் உருண்டை இருப்பதுபோன்ற உணர்வு, சளி, கரகரப்பு எல்லாம் நான்கு, ஐந்து. நெஞ்செரிச்சலுக்கு ஒன்றுதான். ஒவ்வாமைக்காரர்களுக்கும் இந்த மதிப்பெண் ஏறும் என்பதால், நோயைக் கண்டுபிடிக்க நான் இதை நம்புவதில்லை. முன்னேற்றத்தை அளக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

தொண்டை உருண்டை பற்றித் துருவிக் கேட்டேன். எச்சில் விழுங்கும்போது அதிகமாகத் தெரிகிறது, சோறு சாப்பிடும்போது மறைந்துவிடுகிறது என்றார். இது நல்ல அடையாளம். உண்மையான அடைப்பு இருந்தால் கெட்டி உணவில்தான் முதலில் தடங்கும்.

அப்புறம் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று மணிவாரியாகச் சொல்லச் சொன்னேன். என் வேலையில் இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை. காலை கோப்பி, பசியாற இரண்டு இட்லி. ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு. வகுப்புக்கு நடுவே ஐந்து மணிக்குக் கோப்பிக்கடையில் தே தாரிக், ஒரு கறிபஃப். ஏழரைக்கு ஏதாவது வீட்டில் இன்னொரு கோப்பி, மறுக்க முடியாது. பத்தேகாலுக்கு வீட்டுக்கு வந்து குடும்பத்தோடு முழுச் சாப்பாடு: சோறு, குழம்பு, பொரியல், கடைசியில் ரசம். பதினொன்றரைக்குப் படுக்கை. ஒமெப்ரசோலை எப்போது போடுகிறீர்கள் என்றேன். "சாப்பிட்டு முடிச்சதும், படுக்கறதுக்கு முன்னாடி. மாத்திரைன்னா சாப்பாட்டுக்கு அப்புறம்தானே?"

இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் உணவு வந்ததும் விழித்துக்கொண்டு வேலை செய்பவை. வேலை செய்யும் பம்பைத்தான் இந்த மாத்திரை அடைக்கும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், அப்போதுதான் உணவு வரும் நேரத்தில் ரத்தத்தில் இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் பெரும்பகுதி வீணாகும். மூன்று மாதம் மாத்திரை போட்டும் பலனில்லை என்று அவருடைய கடிதத்தில் இருந்தது. உண்மையில் அந்த மாத்திரைக்குச் சரியான வாய்ப்பே கிடைக்கவில்லை. மருத்துவருக்கு இதை உடனே எழுதினேன்.

நெஞ்செரிச்சல் இல்லாமல் எப்படி?

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "வயித்துல எரிச்சலே இல்லையேம்மா, அப்ப எப்படி இது வயித்துக் கோளாறு ஆகும்?" நிறைய பேர் இந்த இடத்தில்தான் மருத்துவரை நம்பாமல் போகிறார்கள். அதனால் படம் போட்டு விளக்கினேன்.

உணவுக்குழாயின் கீழ்முனையில் ஒரு சுருக்குத்தசை, மேல்முனையில் இன்னொன்று. கீழே இருப்பது அவ்வப்போது தளர்வது எல்லோருக்கும் நடப்பது. வயிறு நிறைந்திருந்தால் அடிக்கடி தளரும். அப்போது மேலே வருவது அமிலம் மட்டுமல்ல. புரதத்தைச் செரிக்கும் பெப்சினும் ஆவியாகவும் துளியாகவும் சேர்ந்தே வரும். உணவுக்குழாய் அதைத் தாங்கும். உடனே ஒரு அலைபோல் சுருங்கிக் கீழே தள்ளிவிடும், எச்சில் வந்து மீதி அமிலத்தைத் தணிக்கும். குரல்வளைக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. நெஞ்சில் எரிச்சல் தெரியாத அளவு சிறு துளிகூட அங்கே உறுத்தும். பெப்சின் பிஎச் 2 என்ற கடும் அமில அளவில் முழு வேகத்தில் வேலை செய்யும், அமிலம் தணிந்து 6.5க்கு மேல் போனால் அடங்கிவிடும். அடங்குமே தவிர அழியாது. திரும்ப அமிலம் பட்டால் எழுந்துகொள்ளும் என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். நாள் முழுக்க எலுமிச்சை நீரை உறிஞ்சுவதை நிறுத்தச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு பாதி கனைப்பில் இருக்கிறது. கனைக்கும்போது குரல்நாண்கள் வேகமாக மோதிக்கொள்கின்றன. மோதிய இடம் வீங்கும், சளி சுரக்கும், நரம்புகள் கூச்சம் எடுக்கும். கூச்சம் எடுத்த தொண்டைக்குச் சாதாரண எச்சில்கூட சளியாகத் தெரியும். மறுபடி கனைப்பு. தொடக்கிவைத்தது சளிக்காய்ச்சலோ எதுக்களிப்போ, சில மாதம் ஆனபின் கனைப்பே கனைப்பை வளர்க்கும். அந்தக் கட்டத்தில் அமிலத்தை முழுக்க அடைத்தாலும் தொண்டை அமைதியாகாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மருத்துவர் மூன்று வழிகளை அவர்முன் வைத்தார். ஒன்று, மாத்திரையைச் சரியான நேரத்தில் மறுபடி போட்டுப் பார்ப்பது. இரண்டு, எதுக்களிப்பு உண்டா என்று அளந்துவிடுவது. மூன்று, மாத்திரையை நிறுத்திவிட்டு உணவு நேரம், ஆல்ஜினேட் மருந்து, குரல் பயிற்சி ஆகியவற்றோடு தொடங்கி, எட்டு வாரம் கழித்துப் பார்ப்பது.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். பிரிட்டனில் எட்டு மையங்களில் நடந்து, 2021இல் வெளியான ஆய்வு ஒன்று எங்கள் பேச்சில் அடிபட்டது. தொண்டைத் தொல்லை நீடித்த 346 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒமெப்ரசோல் வகையைச் சேர்ந்த லான்சபிரசோல் 30 மில்லிகிராம் தினமும் இருவேளை, மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை, பதினாறு வாரம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். நெஞ்செரிச்சல் இல்லாமல் தொண்டை அறிகுறி மட்டும் இருந்தால் மாத்திரைக்கு முன் பரிசோதனை செய்யுங்கள் என்று அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டியும் சொல்கிறது. பரிசோதனைக்கு ஜூன் பள்ளி விடுமுறையில்தான் வர முடியும் என்று ஆசிரியர் சொன்னார். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மாத்திரை இல்லாமல் இருப்பது பரிசோதனைக்கும் நல்லது.

ஒமெப்ரசோலை நிறுத்திய முதல் பத்து நாளில் அவருக்கு இதுவரை இல்லாத நெஞ்செரிச்சல் வந்தது. அடைத்துவைத்த பம்புகள் விட்டதும் கொஞ்ச காலம் அதிகமாகச் சுரக்கும். இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயந்துபோய் மாத்திரைக்குத் திரும்பவில்லை. சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் ஆல்ஜினேட் திரவம் குடித்தார். அது இரைப்பையில் உள்ளதன்மேல் நுரைப்படலமாக மிதந்து மேலே எழுவதைத் தடுக்கும்.

சாப்பாட்டு நேரம்: கடினமான பகுதி

படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு முடிய வேண்டும் என்று சொல்வது எளிது. இரவு ஒன்பதரைக்கு வேலை முடிகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது? தாளில் அச்சடித்த அறிவுரையைக் கொடுத்து அனுப்பியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அவருடைய வகுப்பு அட்டவணையை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆறேகால் முதல் ஏழு வரை இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஒரு இடைவெளி இருந்தது. அது பேருந்துக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையின் வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றி அதை ஒரு மணி நேரமாக்கினார். வீட்டிலிருந்து அடுக்குப்பாத்திரத்தில் சோறு, அல்லது உணவங்காடி நிலையத்தில் தோசையோ மீன் சூப்போ. அதுதான் இனி இரவுச் சாப்பாடு.

தடை வீட்டில் வந்தது. பத்தேகால் மணிச் சாப்பாடுதான் நால்வரும் ஒன்றாக உட்காரும் ஒரே நேரம். "எல்லாருக்கும் பரிமாறிட்டு நீ மட்டும் வெறும் வாயோட உக்காந்திருந்தா எனக்குச் சோறு இறங்குமா?" என்று மாமியார் மனம் நொந்தார். அது அன்புதான், அதை ஒதுக்கிவிட்டு எந்தச் சிகிச்சையும் நடக்காது. அடுத்த சந்திப்புக்கு மாமியாரையும் அழைத்து வரச் சொன்னேன். எண்டோஸ்கோப் படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு சிவந்து போயிருக்கே" என்றார். அன்றே அவரே ஒரு வழி சொன்னார்: வாரநாளில் மருமகள் அரைக் கிண்ணம் தயிர் இல்லாத குழைந்த சோறு மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரட்டும், ஞாயிறு முழுச் சாப்பாடு மதியத்துக்குப் போகட்டும். மூன்று மணி நேர விதி இதில் முழுசாக நிற்கவில்லைதான். ஆனால் நிறைந்த வயிறோடு படுப்பது நின்றது. வீட்டாரோடு சேர்ந்து நடக்கிற அரைத் திருத்தம் போதும் என்று முடிவு செய்தேன்.

மற்றவை சுலபமாக நடந்தன. கோப்பி நாளுக்கு ஒன்று. சுருக்குத்தசையைத் தளர்த்தும் என்பதால் புதினா மிட்டாய் போனது. பிளாஸ்கில் வெறும் தண்ணீர். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தினார் கணவர். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும், பலன் இல்லை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கப் பழகினார். ரசம், குழம்பு, மிளகாய் எதையும் மொத்தமாக நிறுத்தச் சொல்லவில்லை. எது சாப்பிட்டால் தனக்குத் தொல்லை என்று அவரே குறித்துவந்தார். புளி தூக்கலான ரசமும் எண்ணெயில் பொரித்த கறிபஃப்பும் அவர் பட்டியலில் இருந்தன, காரம் இல்லை.

குரல் பயிற்சி

கனைக்காதீர்கள் என்று சொன்னால் கனைப்புதான் அதிகமாகும். கனைக்கத் தோன்றும்போது அதற்குப் பதிலாக என்ன செய்வது என்பதைத்தான் கொடுக்க வேண்டும். ஒரு மிடறு தண்ணீர், அல்லது மூக்கால் மெல்ல இழுத்து அழுத்தி ஒரு விழுங்கல், அல்லது வாயை மூடிய மென்மையான "ம்ம்ம்". மகன் வீட்டில் கனைப்பு கேட்டால் மேசையை ஒரு விரலால் தட்டுவார். தெரியாமல் செய்ததை இப்படித்தான் தெரிந்துகொண்டார்.

குரலுக்குத் தண்ணீரில் ஸ்ட்ரா விட்டு ஊதியபடி ஒலி எழுப்பும் பயிற்சி. குரல்நாண்கள் குறைந்த அழுத்தத்தில் அதிர இது வழி செய்யும், பிழியும் தசைகள் தளரும். வகுப்பு தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் சில நிமிடம்.

வகுப்பையும் மாற்றினோம். ஆகஸ்டில் தொடக்கநிலை இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வு. அதற்காக வாசிப்புப் பகுதியை ஒவ்வொரு பிள்ளைக்கும் தானே திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டுவார். ழகர ளகரம் தெளிவாக விழ வேண்டும் என்று குரலை உயர்த்தி நிறுத்தி வாசிப்பார். ஒருமுறை நன்றாகப் பதிவு செய்து கைப்பேசியில் அனுப்பிவிடுங்கள், வகுப்பில் பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள் என்றேன். பெற்றோர் குறை சொல்வார்களோ என்று தயங்கினார். பிள்ளைகள் அந்தப் பதிவைப் பேருந்திலும் கேட்கத் தொடங்கினார்கள். நிலையத்தில் இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கி வாங்கிக்கொண்டார்.

மே முதல் ஆகஸ்ட் வரை

மே மாத மறுபரிசோதனையில் மதிப்பெண் 15. கனைப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது, குரல் எட்டரை வரை தாங்கியது. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று இரவு புளித்த ஏப்பத்தோடு இருமி எழுந்தார்.

ஜூனில் பரிசோதனை. இரைப்பை எண்டோஸ்கோப்பியில் புண் இல்லை. உதரவிதானத்தின் வழியே இரைப்பையின் மேல்நுனி கொஞ்சம் மேலேறிய சிறிய ஹையாட்டஸ் ஹெர்னியா இருந்தது. அடுத்து மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேர எதுக்களிப்பு அளவீடு. சாப்பிடும்போதும் படுக்கும்போதும் தொல்லை வரும்போதும் இடுப்பிலுள்ள கருவியில் பொத்தானை அழுத்த வேண்டும். அன்று வேண்டுமென்றே பழையபடி தாமதமாகச் சாப்பிடச் சொன்னார் மருத்துவர்.

உணவுக்குழாயில் அமிலம் இருந்த நேரம் 5.1 விழுக்காடு. நான்குக்குக் கீழ் என்றால் இயல்பு, ஆறுக்கு மேல் என்றால் நோய் உறுதி. இவருடையது நடுவே நின்றது. எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று. எதுக்களிப்புகளில் பெரும்பகுதி அந்தத் தாமத இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தில் நடந்திருந்தன. ஆனால் கனைப்புக்காக அவர் பொத்தான் அழுத்திய தருணங்களில் மிகச் சிலவே எதுக்களிப்போடு பொருந்தின. எதுக்களிப்பு உண்மை, இரவு இருமலுக்கு அதுவே காரணம். பகல் கனைப்பு பெரும்பாலும் கூச்சம் எடுத்த தொண்டையின் பழக்கம். இரண்டுக்கும் தனித்தனி வைத்தியம் வேண்டும் என்பது அன்று தெளிவானது.

இரவுத் தொல்லைக்காக ஒமெப்ரசோல் திரும்ப வந்தது. இம்முறை மாலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன், எட்டு வாரம், நிறுத்தும் தேதியும் சீட்டிலேயே எழுதப்பட்டது. இரண்டாம் வாரத்தில் இரவு இருமல் நின்றது. ஆகஸ்ட் வாய்மொழித் தேர்வுக் காலத்தை ஒரு வகுப்பும் ரத்து செய்யாமல் முடித்தார்.

விளைவு

செப்டம்பரில் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். மதிப்பெண் 9. எண்டோஸ்கோப்பில் தசைப் பிழிவு போயிருந்தது. பின்பக்கத் தடிப்பு கொஞ்சம் அப்படியே இருந்தது. அதை வைத்து மருந்தைத் தொடரத் தேவையில்லை என்றார் மருத்துவர். தீபாவளி முடிந்த வாரம் பார்த்தபோது மதிப்பெண் 12. வீடு வீடாகப் போய் இரவில் முறுக்கும் பிரியாணியும் சாப்பிட்டதை அவரே சொன்னார். ஆல்ஜினேட்டும் மாலைச் சாப்பாட்டு நேரமும் திரும்பியதும் பத்து நாளில் அடங்கியது. மாத்திரை தேவைப்படவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

எங்கள் குரல் பிரிவின் முதல் சந்திப்புப் படிவத்தில் இப்போது இரண்டு கேள்விகள் சேர்ந்துள்ளன: மாத்திரையைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன் போடுகிறீர்கள், இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடைவெளி என்ன. சமைப்பவரையும் பரிமாறுபவரையும் முதல் மாதத்திலேயே கூப்பிடுகிறோம். அமிலம் குறைக்கும் மாத்திரை எழுதும்போது நிறுத்தும் தேதியையும் எழுதும்படி, எங்களுக்கு நோயாளிகளை அனுப்பும் மருத்துவர்களைக் கேட்டுவருகிறோம். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர்கள் குரல் கெட்ட பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். ஒலிபெருக்கியும் வாசிப்புப் பதிவும் எந்த மருத்துவரும் எழுதிக்கொடுக்காமலே இன்றே தொடங்கக்கூடியவை.

ஆசிரியருக்கு அடுத்த மறுபரிசோதனை ஆறு மாதம் கழித்து. அதற்குள் விழுங்குவதில் அடைப்போ, எடைக் குறைவோ, நான்கு வாரம் தாண்டும் கரகரப்போ வந்தால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் நேரே வரச் சொல்லியிருக்கிறோம்.